சம்பளமில்லாத ஆறு மாதம்: கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணி உருவான வழி

இந்த ஆய்வு ஒரே ஒரு ஆளைப் பற்றியது. கிளிநொச்சி மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்துக் குடியேற்றக் கிராமம் ஒன்றிலிருந்து சட்டக் கல்லூரிக்குப் போய், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்து, இப்போது கிளிநொச்சி நீதிமன்றங்களில் தொழில் பார்க்கும் ஒரு பெண். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்; வேறு சில விவரங்களையும் ஆள் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

வன்னிப் பிள்ளைகள் சட்டத்துறைக்கு ஏன் குறைவாகப் போகிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஆங்கிலம் காணாது. வெட்டுப்புள்ளி எட்டவில்லை. இரண்டும் உண்மைதான். ஆனால் இந்தப் பெண் தொழிலை விட்டு வெளியேறப் பார்த்தது ஆங்கிலத்தாலும் அல்ல, புள்ளியாலும் அல்ல. எல்லாப் பரீட்சையும் சித்தியடைந்து முடிந்த பிறகுதான் அவர் வெளியேறப் பார்த்தார். அந்த இடத்தைப் பற்றி நம் கூட்டங்களில் எவரும் பேசுவதில்லை.

காணி அனுமதிப்பத்திரம்

அவருடைய தாய்வழிப் பாட்டனார் 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். 1958இலும் 1977இலும் அப்படி வந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் குடும்பங்களால் உருவான ஊர்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் நிறைய உண்டு. மலையாளபுரம், கிருஷ்ணபுரம், பாரதிபுரம், ஜெயபுரம் என்று பெயர் சொன்னாலே இங்குள்ளவர்களுக்கு விளங்கும். காடு வெட்டி, கிணறு தோண்டி, நெல்லும் நிலக்கடலையும் போட்டு வாழ்ந்தவர்கள். ஆனாலும் மூன்றாம் தலைமுறையைப் பார்த்தும் "அவை தோட்டக்காட்டாக்கள்" என்று சொல்கிற வாய் இன்னும் மூடவில்லை. இந்தப் பெண் அதைப் பள்ளிக்கூடத்திலும் கேட்டார், பிறகு வழக்கறிஞர் அறையிலும் கேட்டார்.

சட்டம் என்று ஒன்று இருப்பது அவருக்குத் தெரியவந்தது பாட்டனாரின் காணியால். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி அது. பாட்டனார் பின்னுரித்தாளர் என்று எவரையும் எழுதிவைக்காமல் இறந்துபோனார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பிள்ளைகளில் மூத்தவர் இவருடைய அம்மா. காணி போனது அம்மாவின் தம்பிக்கு. பிரதேச செயலகத்தில் கேட்டபோது, சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் மகன்மார்தான் முன்னுக்கு, மகள்மார் பிறகு என்றார்கள். உத்தியோகத்தர் பொய் சொல்லவில்லை. அட்டவணை அப்படித்தான் இருந்தது, 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வரும்வரைக்கும். அம்மாவோடு அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோது இவருக்குப் பதினாலு பதினைந்து வயது இருக்கும். மாமா கெட்டவர் இல்லை, காணியின் ஒரு துண்டை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தார். "விட்டுக்கொடுத்தது" என்ற அந்தச் சொல்தான் இவருக்குப் பிடிக்கவில்லை.

பள்ளிக்கூடம்

2008இன் பிற்பகுதியில் கிளிநொச்சி நகரம் காலியானபோது இந்தக் குடும்பமும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியால் கிழக்கே நகர்ந்தது. 2009 மே மாதத்துக்குப் பின் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2010இல் மீள்குடியேற்றம். இதற்கிடையில் ஏறத்தாழ இரண்டு வருடப் படிப்பு போனது. திரும்பி வந்த பள்ளிக்கூடத்தில் கூரை இல்லாத வகுப்பறைகள் இருந்தன, ஆங்கில ஆசிரியர் இல்லை.

சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு எஸ், அதாவது சாதாரண சித்தி. சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க ஆங்கிலத்தில் சி, அதாவது திறமைச் சித்தி, வேண்டும் என்று பின்னாளில் தெரிந்தபோது அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதினார். உயர்தரத்தில் கலைப்பிரிவு.

பல்கலைக்கழக அனுமதி முறையை இங்கே ஒருமுறை சொல்லிவிடலாம், ஏனென்றால் இதைப் பற்றித் தெற்கிலும் வடக்கிலும் பிழையான கதைகள் உலவுகின்றன. உயர்தரப் புள்ளிகளைப் பாடங்களுக்கிடையே சமப்படுத்திக் கணக்கிடும் இசட் புள்ளி அடிப்படையில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை. 55 வீதம் சனத்தொகைக்கு ஏற்ப 25 மாவட்டங்களுக்கும் பகிரப்படும். மீதி 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அந்தப் பதினாறுக்குள் வரும். ஆனால் சனத்தொகை விகிதம் என்பது சிறிய மாவட்டத்துக்குச் சிறிய எண்தான். 2012 குடிசன மதிப்பீட்டில் கிளிநொச்சியில் இருந்தவர்கள் 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர். சட்டபீட இடங்கள் நாட்டிலேயே குறைவு. அதில் இந்த மாவட்டங்களுக்கு வந்து சேருவது விரலில் எண்ணலாம். 2021 ஆகஸ்டில் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது, நல்ல விடயம். அங்கே பிரயோக விஞ்ஞானம், வியாபாரம், தொழில்நுட்பம் உண்டு. சட்டம் இல்லை.

இவருக்குக் கிடைத்தது யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். பட்டம் முடித்தால் பட்டதாரி நியமனம், பிறகு ஆசிரியை, ஓய்வூதியம். ஊரில் எவரும் அதைக் குறை சொல்லமாட்டார்கள். இவர் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதி, எடுபட்டு, கலைப்பீடத்தை விட்டார். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். இன்றுவரை அம்மா அந்த முடிவு சரி என்று ஒப்புக்கொள்ளவில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

மொழிச் சண்டை

இலங்கைச் சட்டக் கல்லூரி 1874இல் தொடங்கியது. கொழும்பு புதுக்கடையில், நீதிமன்றங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் பரீட்சை எழுதலாம். இவர் தமிழில் எழுதினார்.

2020 டிசம்பர் இறுதியில் ஓர் அதிவிசேட வர்த்தமானி வந்தது: பரீட்சைகள் இனி ஆங்கிலத்தில் மட்டுமே. காரணமும் சொன்னார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன, தீர்ப்பறிக்கைகள் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன, ஆங்கிலம் தெரியாத சட்டத்தரணியால் கட்சிக்காரருக்கு என்ன பயன் என்பது அந்த வாதம். எனக்கு அதில் பாதி உடன்பாடு. 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' என்ற தீர்ப்பறிக்கைத் தொகுதியைத் திறந்து ஒரு தீர்ப்பை வாசிக்கத் தெரியாமல் இந்தத் தொழிலில் நிமிர முடியாது. ஆனால் ஆங்கிலம் கற்பிப்பது வேறு, ஆங்கிலம் இல்லாதவனை வாசலில் மறிப்பது வேறு. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சிங்களத்தையும் தமிழையும் நீதிமன்ற மொழிகள் என்கிறது. வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களின் மொழி தமிழ். கிளிநொச்சி நீதவான் நீதிமன்றத்தில் தமிழில் வாதாடப்போகிற ஒருவரைத் தமிழில் பரீட்சை எழுதவேண்டாம் என்று சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அந்த ஒழுங்குவிதி இவரைத் தொடவில்லை, இவர் அதற்கு முந்திய அணி. பக்கத்து ஊர்ப் பெடியன் ஒருவன் அந்த வருடங்களில் விண்ணப்பமே போடவில்லை. இப்போது ஒரு நுண்கடன் நிறுவனத்தில் வசூல் உத்தியோகத்தர். 2023 மார்ச்சில் அந்த ஒழுங்குவிதி பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. தெற்கின் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அதே கதவுதான் மூடப்படவிருந்தது. அதனால்தான் கட்சி பேதமில்லாமல் எதிர்ப்பு வந்தது என்பது என் கணிப்பு.

மொழிச் சண்டைக்கு வர்த்தமானி இருந்தது, எதிர்க்க ஒரு கடதாசி இருந்தது, வாக்கெடுப்பு இருந்தது. இனிச் சொல்லப்போகிற விடயத்துக்கு அப்படி எந்தக் கடதாசியும் இல்லை.

கொழும்பு, சுருக்கமாக

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு மேல்மாடி, ஒரு அறையில் நான்கு பெண்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதும், உயர் நீதிமன்றம் மறுநாளே அதை இடைநிறுத்தியதும் பழைய கதை. ஆனால் அந்த நகரத்தில் வாடகைக்கு இடம் தேடும் வன்னிப் பிள்ளைக்குப் பழைய கதைகள் முழுதாக முடிந்துபோவதில்லை. அடையாள அட்டையில் கிளிநொச்சி முகவரியைப் பார்த்ததும் வீட்டுக்காரரின் முகம் ஒரு நொடி மாறும் என்றார். பின்னேரங்களில் ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் ரியூசன் கொடுத்துச் செலவைப் பார்த்துக்கொண்டார். கொரோனாக் காலத்தில் ஊருக்கு வந்து, சிக்னல் கிடைக்கிற குளக்கட்டில் இருந்து விரிவுரை கேட்டார். இறுதிப் பரீட்சை முதல் தடவையிலேயே சித்தி.

வகுப்பில் பெண்கள் குறைவில்லை, அதையும் சொல்லவேண்டும். பெண் மாணவர் எண்ணிக்கை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் இந்தத் தொழிலில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உயர் நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதியரசர் வர 1996 ஆகியது. மூத்தவர்களுக்குக் கொடுக்கப்படும் கௌரவமான சனாதிபதி சட்டத்தரணிகள் பட்டியலை இன்றும் எடுத்துப் பாருங்கள். வகுப்பறையில் இருந்த பெண்கள் இடையில் எங்கோ காணாமல் போகிறார்கள். எங்கே என்பதற்கான விடையில் ஒரு பகுதி அடுத்த கட்டத்தில் இருக்கிறது.

சீனியர் தேடல்

பரீட்சை முடிந்தால் சட்டத்தரணி ஆகிவிட முடியாது. அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிலுநராக இருக்கவேண்டும். அவர் கையெழுத்திட்டால்தான் சத்தியப்பிரமாணத்துக்கு விண்ணப்பிக்கலாம். பயிலுநருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்ற விதி இல்லை. சில சீனியர்மார் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு பார்ப்பார்கள், பலர் பார்க்கமாட்டார்கள். தாங்களும் அப்படித்தான் வந்தோம் என்பார்கள். உண்மைதான், அப்படித்தான் வந்தார்கள். ஆனால் அவர்களில் அதிகம் பேருக்கு அந்த ஆறு மாதமும் சாப்பாடு போட ஒரு வீடு புதுக்கடையிலிருந்தோ யாழ்ப்பாண நீதிமன்றத்திலிருந்தோ பக்கத்தில் இருந்தது.

இவர் முதலில் கொழும்பில் தேடினார். அங்கே சீனியரைத் தேடுவது என்றால் யாராவது ஒருவர் தொலைபேசி எடுக்கவேண்டும்: மாமா, சித்தப்பா, அப்பாவோடு படித்தவர், கோயில் தர்மகர்த்தா. இவருடைய அப்பா மேசன் வேலை. அவருக்குத் தெரிந்த பெரிய ஆள் ஹாட்வெயார்க் கடை முதலாளி. பிறகு யாழ்ப்பாணத்தில் ஒருவர் சம்மதித்தார். பெயர் வேண்டாம், தொழிலில் நல்ல பெயர் உள்ளவர், இவருக்கு வேலை பழக்கியதில் குறை வைக்கவில்லை. முதல் நாள் உரையாடலை மட்டும் இவர் இன்னும் மறக்கவில்லை.

"எந்த இடம் பிள்ளை?"

ஊரைச் சொன்னார்.

"அது இப்ப இருக்கிற இடம். சொந்த இடம்?"

"அதுதான் சேர் சொந்த இடம்."

"அப்ப ஆற்ற மகள்?"

அப்பாவின் பெயரைச் சொல்லி அங்கே யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த மூன்றாவது கேள்வி ஊரையும் சாதியையும் ஒன்றாகவே விசாரிக்கிறது என்பது கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் அறைகள் பெரும்பாலும் குடும்பங்களின் கையில் வளர்ந்தவை. பழைய கட்சிக்காரர்களும் காணி உறுதிகளும் தகப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். வெளியாள் உள்ளே வரும்போது அறை இலேசாக இறுகும். துரத்தமாட்டார்கள். ஆனால் பெரிய காணி வழக்கின் பைல் அவருடைய மேசைக்கு வராது. இவருக்கு வந்தவை தவணை எடுக்கிற வேலைகளும் சத்தியக்கடதாசி தட்டச்சும்.

அது 2022. நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் எழுபது கிலோமீற்றருக்குக் கிட்ட. ஊரிலிருந்து ஏ9 வீதிக்கு வரவே ஓட்டோ வேண்டும். ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. பஸ் கட்டணம் மாதத்துக்கு மாதம் ஏறியது. வெள்ளைச் சேலை, கறுப்புக் கோட், சப்பாத்து, நோட்ஸ் போட்டோக்கொப்பி. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அப்பாவுக்குச் சீமெந்து இல்லாததால் வேலை இல்லை. மூன்றாம் மாதத்தில் இவர் போவதை நிறுத்தினார். சீனியரிடம் காய்ச்சல் என்று சொன்னார். கிளிநொச்சியில் ஒரு நிறுவனத்தில் தரவு பதிகிற வேலை, நாட்கூலி. "இனிப் போகமாட்டன் எண்டு நான் முடிவெடுக்கேல்லை. நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம் எண்டு அது அப்பிடியே நடந்தது" என்றார்.

இப்படித்தான் ஆட்கள் காணாமல் போகிறார்கள். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது "தோல்வி" என்று பதியப்படாது, ஏனென்றால் இவர் எதிலும் தோற்கவில்லை. சட்டக் கல்லூரியின் கணக்கில் சித்தியடைந்தவர். பெண் என்றால் இன்னொன்றும் நடக்கும்: சம்பளமில்லாமல் வீட்டில் இருக்கிற, வயது வந்த, படித்த பெண்ணுக்குக் கலியாணம் பேசத் தொடங்கிவிடுவார்கள். இவருக்கும் பேசினார்கள்.

திரும்பிய விதம்

அதிசயம் எதுவும் நடக்கவில்லை. கிளிநொச்சியில் தொழில் செய்யும் மூத்த பெண் சட்டத்தரணி ஒருவர் பஸ் தரிப்பிடத்தில் இவரைக் கண்டு, ஏன் இந்த நேரத்தில் இங்கே நிற்கிறீர் என்று கேட்டார். காய்ச்சல் கதையை அவரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறார், எடுபடவில்லை.

அந்த வாரமே நான்கைந்து சட்டத்தரணிகள் சேர்ந்து மாதம் ஒரு தொகை ஒதுக்கினார்கள். சங்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. ஒரு கொப்பியில் எழுதி வைத்தார்கள். பஸ், சாப்பாடு, நகலெடுப்பு மூன்றுக்கும் போதுமான அளவு. நிபந்தனை ஒன்றுதான்: தொழில் தொடங்கி உழைக்க ஆரம்பித்ததும் அதே தொகையை அடுத்த பயிலுநருக்குக் கொடுக்கவேண்டும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. கூடவே கிழமையில் ஒரு நாள் கிளிநொச்சி நீதிமன்றத்தில் அவர்களோடு நிற்கச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்துச் சீனியரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. அங்கேதான் முதன்முதலில் ஒரு வழக்கின் பைலை முழுதாக, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, பார்க்கக் கிடைத்தது என்கிறார்.

அந்த உதவியின் மொத்தப் பெறுமதி ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்குக் கிட்டவும் வராது. ஒரு சட்டத்தரணியை உருவாக்க அரசும் குடும்பமும் பதினைந்து வருடம் செலவழித்த பிறகு, கடைசியில் இந்தச் சின்னத் தொகைக்காகத்தான் அவரை இழக்கவிருந்தோம். பன்முகத்தன்மை, உள்வாங்கல் என்று மண்டபம் எடுத்துச் செயலமர்வு நடத்துகிறவர்கள் மதியச் சாப்பாட்டுச் செலவை ஒருமுறை கணக்குப் பார்க்கலாம்.

தொழில்

ஆரம்பத்தில் கட்சிக்காரர் வந்து அறை வாசலில் நின்று கேட்பார்: "தங்கச்சி, பெரிய லோயர் எப்ப வருவார்?" இவர், "நான்தான் ஐயா லோயர்" என்பார். சிலர் உட்காருவார்கள், சிலர் பிறகு வருகிறோம் என்று போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்துச் சட்டத்தரணி என்றால்தான் வழக்கு வெல்லும் என்ற எண்ணம் வன்னியில் ஆழமாக இருக்கிறது. வெளியே தள்ளப்பட்டவர்களே தங்கள் ஊர்ப் பிள்ளையை நம்பத் தயங்குவதை எந்த விதியாலும் மாற்ற முடியாது.

ஆனால் அவரைத் தேடி வருகிற ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது, பெண்கள். பராமரிப்பு வழக்குகள், 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழான பாதுகாப்புக் கட்டளைகள், அதைவிடக் கூடுதலாகக் காணியும் காணாமற்போன கணவரும் ஒன்றாகச் சிக்கிய வழக்குகள்.

இந்தக் கடைசி வகையைக் கொஞ்சம் விளக்கவேண்டும். வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சொந்தப் பெயரிலுள்ள, தன் சீதனமாக வந்த காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண திருமண உரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம் சொல்வது அது. 2009இல் கணவரைத் தொலைத்த பெண் எங்கே போய்ச் சம்மதம் வாங்குவது? மரணச் சான்றிதழ் எடுத்தால் வழி திறக்கும். ஆனால் அவர் இறந்துவிட்டார் என்று தன் கையால் எழுதிக்கொடுக்க மனம் வராதவர்கள் இங்கே ஆயிரம் பேர். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் "காணக்கிடைக்காமைச் சான்றிதழ்" என்ற இன்னொரு வழியைத் தந்தது. இறந்ததாகச் சொல்லாமலே சில அலுவல்களைப் பார்க்கலாம். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் அவருடைய சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றமே அதிகாரம் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு 1911 சட்டத்திலேயே இருக்கிறது. இந்த வழியைக் கேள்விப்படாமலே, வேறு மார்க்கம் இல்லை என்று மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுத பெண்களை இவருக்குத் தெரியும்.

மலையக வம்சாவளிக் குடும்பம் என்றால் முடிச்சு இன்னொரு சுற்று இறுகும். தேசவழமை வட மாகாணத்தின் தமிழ் வாசிகளுக்கு உரியது. 1977இல் வந்து குடியேறியவரின் மகள் அதற்குள் வருவாரா, மாட்டாரா? வாதாடித் தீர்க்கவேண்டிய கேள்வி அது. சொந்த வீட்டிலேயே அந்தக் கேள்வியோடு வளர்ந்த ஒருவர் கட்சிக்காரரிடம் முதல் நேர்காணலிலேயே அதைக் கேட்டுவிடுகிறார். வேறு சட்டத்தரணிகள் சிலருக்கு எதிர்த்தரப்பு எழுப்பும்போதுதான் ஞாபகம் வருகிறது. பலவிதப் பின்னணியிலிருந்து சட்டத்தரணிகள் வரவேண்டும் என்பதற்கு நான் சொல்லக்கூடிய நல்ல காரணம் இதுதான். அழகுக்கோ புகைப்படத்துக்கோ அல்ல.

இன்னொரு சம்பவம். முல்லைத்தீவு மாவட்டத்துக்குள் இருக்கும் வெலிஓயாவிலிருந்து ஒரு சிங்கள விவசாயி ஒரு சிறிய வழக்கில் தமிழில் நடக்கும் நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். என்ன நடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. மொழிபெயர்ப்பு முதலியார் அன்று வேறு நீதிமன்றத்தில். அதே 24ஆம் உறுப்புரை அவருக்கும் அரச செலவில் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமையைத் தருகிறது. இவர் எழுந்து அதைச் சொல்லித் தவணை கேட்டுக்கொடுத்தார். கொழும்பில் நான்கு பெண்களாக ஒரு அறையில் இருந்தபோது பழகிய சிங்களம் பயன்பட்டது. வெளியே வந்ததும் சக சட்டத்தரணி ஒருவர், "எங்கட சனம் அங்க படுற பாட்டுக்கு இவைக்கு ஏன்?" என்றாராம். நம்மவர்களின் பொலிஸ் வாக்குமூலங்கள் சிங்களத்தில் எழுதப்பட்டு, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கப்பட்ட கதைகள் அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் இந்தப் பெண் செய்தது சரி என்று நினைக்கிறேன்.

இந்த வழியால் வர முடியாதவர்கள்

அந்தக் கொப்பி ஏற்பாட்டால் இதுவரை பயன்பட்டவர்கள் இவருக்குப் பின் ஒருசிலர். எல்லோரும் உடல் நலத்தோடு, படி ஏறக்கூடியவர்கள். வன்னியில் கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள் எத்தனை குடும்பங்களில் இருக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1996இலேயே வந்தது. பொதுக் கட்டடங்களுக்கு அணுகு வசதி வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளை இட்டது. முல்லைத்தீவுப் பக்கத்து இளைஞன் ஒருவன், செயற்கைக் காலோடு திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறான். அவனைப் பயிலுநராக எடுக்க ஒரு சீனியர் தயார். அவருடைய அறை கடைத்தொகுதியின் இரண்டாம் மாடியில், லிப்ட் கிடையாது. கொப்பியில் எழுதி ஒதுக்கும் பஸ் காசு அந்தப் படிகளைச் சமப்படுத்தாது.

இன்னொரு கூட்டமும் உண்டு. புலிகளின் கட்டுப்பாட்டுக் காலத்தில் அவர்களுக்கென்று நீதிமன்றங்களும் சட்டக் கல்லூரியும் கிளிநொச்சியை மையமாக வைத்து இயங்கின. அங்கே படித்தவர்களின் படிப்பு 2009க்குப் பின் எந்தத் தகுதியாகவும் எண்ணப்படவில்லை. நீதித்துறைச் சட்டத்தின் 40ஆம் பிரிவு "நற்பெயரும் போதிய அறிவும் ஆற்றலும்" உள்ளவரைச் சட்டத்தரணியாகப் பதிவு செய்யலாம் என்கிறது. அந்த "நற்பெயர்" என்ற சொல், புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவரின் அல்லது அவருடைய பிள்ளையின் விண்ணப்பத்தில் எப்படி வாசிக்கப்படும் என்ற பயமே பலரை விண்ணப்பிக்க விடாமல் வைத்திருக்கிறது. அந்தப் பயம் நியாயமா என்று ஒருவரும் விண்ணப்பித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. கொப்பி வைத்து உதவும் சட்டத்தரணிகள் குழு அதில் கை வைக்கவும் இல்லை.

இப்போதைய விவாதம்

கொப்பி இன்னும் இருக்கிறது. இப்போது அதை வைத்திருப்பது இந்தச் சட்டத்தரணி. தன் கடனை அடுத்தவருக்குக் கொடுத்து முடித்துவிட்டார். அண்மையில் குழுவுக்குள் ஒரு சர்ச்சை: உதவி பெறுகிறவர் சத்தியப்பிரமாணத்துக்குப் பின் குறைந்தது சில வருடமாவது வன்னியில் தொழில் செய்யவேண்டும் என்று நிபந்தனை போடலாமா? போன வருடம் உதவி பெற்ற ஒருவர் கொழும்பில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டார். காசு திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. மூத்தவர்கள் இருவர் நிபந்தனை வேண்டும் என்கிறார்கள். இங்குள்ள சனத்துக்குத்தானே இந்தக் காசு என்பது அவர்களின் கேள்வி.

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "யாழ்ப்பாணத்துப் பிள்ளை கொழும்புக்குப் போனா முன்னேற்றம், எங்கட பிள்ளை போனா துரோகமோ?" என்று கேட்டிருக்கிறார். மூத்தவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இந்த விடயத்தில் நான் இவருடைய பக்கம். நிபந்தனைக்குப் பதிலாக அவர் முன்வைத்திருப்பது வேறு: 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையங்களில் பயிலுநர்களை ஆறு மாதமும் கொடுப்பனவோடு அமர்த்தவேண்டும் என்று எழுத்தில் கேட்பது. நிலையத்துக்கு ஆள் கிடைக்கும், பயிலுநருக்கு முழுப் பைல் கிடைக்கும், இந்தக் கொப்பியும் தேவைப்படாது. கடிதத்தின் வரைவு தயார். மூத்தவர்களில் ஒருவர் கையெழுத்திட்டுவிட்டார், மற்றவர் நிபந்தனைப் பந்தியைச் சேர்த்தால்தான் போடுவேன் என்று நிற்கிறார்.